மரணத்தை உடைக்கும் நாள்
(ஆப்பிரிக்காவின் பகாண்டா மக்களிடையே ஈமச் சடங்கும் துக்கமும்)

துணி வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவனிடம் ஒரு துணியைக் கொடுத்து, "இது என்ன ரகம்?" என்று கேட்டு, அவனுக்குப் பதில் தெரியாமல் போனால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது.

அகமதாபாத்தில் என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு குஜராத்திப் பெரியவர் கடை வைத்திருந்தார். 1972ல் இடி அமீன், உகாண்டாவில் இருந்த ஆசியர்களை 90 நாள் கெடு வைத்து வெளியேற்றியபோது, ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர். அவர் காலமான பிறகு மகன் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறான். அடியில் மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். "காகா, இது என்ன துணின்னு பாருங்க" என்றான். (குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பா. காக்கை அல்ல!)

செங்கல் நிறம். தொட்டால் மெத்தென்று பதப்படுத்திய தோல் மாதிரி இருந்தது. கரை கிடையாது. இரண்டு மூன்று இடத்தில் கிழிசலை நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பாவும் இல்லை, ஊடையும் இல்லை. அதாவது, அது நெய்த துணியே இல்லை!

பெரியவர் இருந்த காலத்தில் மத்தியானம் வியாபாரம் மந்தமான வேளைகளில் சொல்லியிருந்த சில சங்கதிகள் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு தேடிப் பிடித்துப் படித்ததையும், அவரிடம் கேட்டதையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பகாண்டா மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அடிப்படையான நூல்கள் இரண்டு. ஒன்று, அந்நாட்டின் முதன்மந்திரியாகவே இருந்த அபோலோ காக்வா தம் சொந்த மொழியில் எழுதியது. மற்றொன்று, ஜான் ராஸ்கோ என்ற ஆங்கிலப் பாதிரியார் 1911ல் வெளியிட்டது. பாதிரியாருக்குத் தகவல் சொல்ல முதியவர்களைத் தேடிக் கூட்டிவந்து உதவியவரும் காக்வாதான். ஆகையால் இரண்டுக்கும் ஊற்று ஏறக்குறைய ஒன்றே எனலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாட்டின் பெயர் புகாண்டா. அந்த மக்கள் பகாண்டா. ஒருத்தரை மட்டும் சொன்னால் முகாண்டா. பேசும் மொழி லுகாண்டா. நாம் சொல்லுக்குப் பின்னால் விகுதி போடுகிறோம். அவர்கள் முன்னால் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைய உகாண்டா தேசத்துக்குள், விக்டோரியா ஏரியின் வடக்கு, மேற்குக் கரையில் அமைந்த பழைய ராஜ்யம் இது. தலைநகர் கம்பாலா இருப்பதே இவர்கள் மண்ணில்தான். அரசருக்குக் கபாகா என்று பட்டம். மக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட குலங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். சிங்கம், நீர்நாய், எறும்புத்தின்னி, வெட்டுக்கிளி, காளான் என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. தன் குலச் சின்னத்தைத் தின்னக் கூடாது. தன் குலத்துக்குள் பெண் எடுக்கவும் கூடாது. பிள்ளைக்கு வைக்கும் பெயர்கூடக் குலத்தின் சொத்து. குலத்தில் இறந்துபோன முன்னோரின் பெயர்தான் மறுபடி மறுபடி சுற்றி வரும்.

வலும்பே வந்த கதை

மரணம் எப்படி வந்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. சடங்கு விளங்க வேண்டுமானால் இந்தக் கதை தெரிந்தாக வேண்டும்.

கிந்து என்பவன் முதல் மனிதன். ஒரு பசுவோடு தனியாக இருந்தான். வானத்து அதிபதி குலுவின் மகள் நம்பி அவனைக் கண்டு ஆசைப்பட்டாள். குலு பல சோதனை வைத்துப் பார்த்து, கடைசியில் பெண்ணைக் கொடுத்து, "விடியுமுன் புறப்பட்டுவிடுங்கள். இவளுடைய அண்ணன் வலும்பே பார்த்தால் கூடவே வந்துவிடுவான். வழியில் எதை மறந்துபோனது ஞாபகம் வந்தாலும் திரும்பி வராதீர்கள்" என்று சொல்லி அனுப்பினான். வலும்பே என்பவன்தான் மரணம். பாதி வழியில் நம்பிக்குக் கோழிக்குப் போடும் கேழ்வரகை மறந்தது ஞாபகம் வந்தது. கிந்து தடுத்தும் கேளாமல் திரும்பிப் போனாள். வலும்பே கூடவே வந்துவிட்டான்.

பூமியில் பிள்ளைகள் பிறந்தார்கள். வலும்பே வந்து, "சமையலுக்கு ஒத்தாசையாக ஒரு பிள்ளையைக் கொடு" என்று கேட்டான். கிந்து மறுத்தான். பிள்ளைகள் ஒவ்வொன்றாய்ச் சாக ஆரம்பித்தன. முறையிட்டதன் பேரில் குலு இன்னொரு மகன் காயிகூஸியை அனுப்பினான், தம்பியைப் பிடித்து வா என்று. காயிகூஸி ஊரை வீட்டுக்குள் அடங்கி இருக்கச் சொன்னான். வலும்பேயைக் கண்டால் யாரும் சத்தம் போடக் கூடாது என்றும் கட்டளை. ஆனால் தாண்டா என்ற இடத்தில் ஆடு மேய்த்த பிள்ளைகள் அவனைப் பார்த்ததும் பயந்து கத்திவிட்டன. வலும்பே மறுபடி பூமிக்குள் இறங்கிவிட்டான். காயிகூஸி அலுத்துப்போய் வானத்துக்குத் திரும்பினான். மித்தியானா அருகே தாண்டாவில் இன்றைக்கும் ஆழமான குழிகள் பல இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் துரத்தி விளையாடிய குழிகள் என்று காட்டுகிறார்கள். கிந்துவின் கடைசிப் பேச்சுதான் முக்கியம்: அவன் கொன்றுகொண்டே இருக்கட்டும், நம்பி பெற்றுக்கொண்டே இருப்பாள், அவனால் எங்களைத் தீர்த்துவிட முடியாது.

இந்த வலும்பே என்ற பெயரும், மரணத்தைக் குறிக்கும் ஒலும்பே என்ற சொல்லும் ஒன்றே. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒலும்பே வந்துவிட்டது என்பார்கள். பிணத்தைப் புதைத்துவிட்டால் அது போய்விடாது. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கிளப்புவதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஆக பகாண்டாவிடம் ஈமக் கடன் என்பது இரண்டு காரியம். அடக்கம் என்பது உடம்புக்கு. இரண்டாவது, வீட்டுக்கு.

மரப்பட்டைத் துணி

என்னிடம் வந்த துணியின் பெயர் லுபுகோ. முதுபா என்ற ஒரு வகை அத்தி மரத்தின் உள்பட்டையிலிருந்து செய்வது. மழைக்காலத்தில் பட்டையை உரிப்பார்கள். உரித்த இடத்தை வாழை இலையால் சுற்றிக் கட்டிவிட்டால் புதுப் பட்டை வளர்ந்துவிடும்; மரம் சாகாது. ஒரே மரம் வருஷா வருஷம் பல பத்தாண்டுகளுக்குப் பட்டை கொடுக்கும். உரித்த பட்டையைக் கொட்டகையில் வைத்து, கோடு வெட்டிய மரச் சுத்திகளால் அடித்து அடித்து அகலப்படுத்துவார்கள். முதலில் பெருங்கோட்டுச் சுத்தி, பிறகு சன்னக்கோட்டுச் சுத்தி. குறுகலான பட்டை விரிந்து, மனிதன் போர்த்திக்கொள்ளும் அளவு அகலமாகிவிடும். தறி இல்லை, நூல் இல்லை. வெயிலில் காய்ந்தால் அந்தச் செங்கல் நிறம் வந்துவிடும். அரசருக்கு இதைச் செய்து கொடுக்கும் பரம்பரை உரிமை நீர்நாய்க் குலத்தாருக்கு. 2005ல் யுனெஸ்கோ இந்தத் தொழிலை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

ஒரு காலத்தில் எல்லோரும் இதையேதான் உடுத்தினார்கள். 1844 வாக்கில் அரபு வியாபாரிகள் பருத்தித் துணியோடு கபாகா சூனாவின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நம் கட்ச் தேசத்திலிருந்து போன ஆலிதினா விஸ்ராம் போன்றவர்கள் ஊருக்கு ஊர் கடை போட்டார்கள். "அமெரிக்கானி" என்று அங்கே வழங்கிய ரகம் நம்ம காடாத்துணிதான். விலை மலிவு, துவைக்கலாம், கிழியாது. மரப்பட்டைத் துணி உடம்பை விட்டு இறங்கிவிட்டது. ஆனால் சாவிலிருந்து மட்டும் இறங்கவில்லை. வியாபாரி என்ற முறையில் இதைக் கவனித்தேன்: கடையில் தோற்ற சரக்கு சடங்கில் ஜெயித்து நிற்கிறது.

சாவு விழுந்தால் உடம்பைக் குளிப்பாட்டி லுபுகோவில் சுற்றுவார்கள். உற்றார், நண்பர், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு லுபுகோ கொண்டுவர வேண்டும். அதற்கு மாபுகோ என்று பெயர். இப்போது மாபுகோ என்றால் பணம். வாசலில் ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதிக்கொள்கிறார். நம்ம மொய் நோட்டேதான்! துணி போய்ப் பணம் வந்தாலும் பெயரில் துணி நிற்கிறது. சவப்பெட்டி வந்த பிறகும் உள்ளே லுபுகோ சுற்றும் வழக்கம் உண்டு.

அடக்கம் ஆகும்வரை அந்த ஊரில் யாரும் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கக் கூடாது. வாசலில் பெரிய தீ மூட்டி, ஆண்கள் அதைச் சுற்றி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் உள்ளே, இடுப்பில் வாழைநார் கட்டிக்கொண்டு. சமையலும் வாழைதான்: பச்சை வாழைக்காயை அதன் இலையிலேயே பொதிந்து ஆவியில் வேகவைத்துப் பிசைந்த மதோக்கே. பாத்திரம், கூடாரம், நாற்காலி இதற்கெல்லாம் ஊருக்கு ஊர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். முன்னோ முகாபி, அதாவது ஆபத்துக்கு நண்பன், என்று அதற்குப் பெயர். நம்மைப் போல வெளி மாநிலத்தில் சங்கம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு இது. ஆண்டு விழாவுக்கு வசூலிக்கும் நாம் இதற்கென்று பத்து நாற்காலி வாங்கி வைத்திருக்கிறோமா?

சாவுச் செய்தி சொல்ல வானொலியில் எபிராங்கோ என்று ஒரு நேரம் உண்டு. பெரியவர் சொல்வார், சாயங்காலம் அந்த அறிவிப்பு ஆரம்பித்தால் கடையில் பேரம் நின்றுபோகும் என்று. இன்னாருடைய பேரன், இன்ன குலம், இன்ன ஊரில் அடக்கம் என்று முழு வம்சாவளியும் வாசிப்பார்கள். எந்த ஊரில் அடக்கம் என்பது அவர்களுக்கு மிக முக்கியம். ஒவ்வொரு குலத்துக்கும் முன்னோர் புதைந்திருக்கும் பூர்வீக மண் உண்டு, புதாகா என்பார்கள். எங்கே பிழைத்தாலும் குடும்பத்து இடுகாட்டுக்கு உடம்பு வந்து சேர வேண்டும்.

இந்த இடுகாட்டு மண்ணால் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 1900 மார்ச்சில் ஆங்கிலேயருடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் புகாண்டா நிலத்தைச் சதுர மைல் கணக்கில் பங்கு போட்டார்கள். ஆயிரம் பிரபுக்களுக்கும் தனியாருக்குமாக 8,000 சதுர மைல். (அதனாலேயே அந்தப் பட்டா நிலத்துக்கு இன்றுவரை "மைலோ" என்று பெயர்.) பங்கு போட்ட கையில் பல குலங்களின் இடுகாடு வேறு யாரோ ஒரு பிரபுவின் சொத்தாகிவிட்டது. தாத்தாவின் சமாதிக்குப் போக அடுத்தவனைக் கேட்க வேண்டிய நிலை. 1920களில் குலத் தலைவர்கள் திரண்டு முறையிட்டார்கள். 1924ல் விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1926ல் லண்டனிலிருந்து வந்த முடிவு, பங்கைக் கலைக்க முடியாது என்பது. 1928ல் குடியானவரைக் காப்பாற்றக் குத்தகைக்கு வரம்பு கட்டிச் சட்டம் போட்டார்கள். சமாதி மண் திரும்பவில்லை.

எரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தற்கொலை செய்துகொண்டவர் உடலை நாற்சந்தியில் எரித்துவிடுவது பழைய வழக்கம் என்று ராஸ்கோ எழுதியிருக்கிறார். அந்த ஆவி திரும்பி வரக் கூடாது என்று. நமக்கு மரியாதை, அவர்களுக்குத் தண்டனை. கம்பாலாவில் இந்தியர்கள் தங்கள் பெரியவர்களை எரித்ததைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

ஒக்வாப்யா ஒலும்பே

இரண்டாவது காரியத்தின் பெயர் இது. ஒக்வாப்யா என்றால் உடைப்பது, வெடிக்கச் செய்வது. மரணத்தை உடைப்பது என்று அர்த்தம். அடக்கம் முடிந்து சில வாரமோ, மாதமோ, சமயத்தில் வருஷமோ கழித்துக் குலத்தார் கூடி நாள் குறிப்பார்கள். அதுவரை வீடு துக்க வீடுதான். பழைய காலத்தில் முடி வெட்டாமல், நகம் களையாமல், தாம்பத்தியம் இல்லாமல் இருந்து, அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் முடிப்பார்களாம். முதல் நாள் இரவு முழுதும் தீ, பறை, வாழைப்பழக் கள். சில காரியங்களைக் குலத்தார் தொடவே கூடாது. சகோதரியின் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகள் வேறு குலம் அல்லவா? சாவு தீண்டாத கை அவர்களுடையது. தாய்மாமன் உறவைக் கொண்டாடும் நமக்கு இது விளங்காமல் போகாது.

காலையில் இறந்தவரின் வாரிசைக் குலத்தார் அறிவிப்பார்கள். வாரிசுக்கு முசிகா என்று பெயர். ஆணுக்கு ஆண் வாரிசு, பெண்ணுக்குப் பெண் வாரிசு. ஒரு பெண்ணின் வாரிசு அவள் பிறந்த குலத்துப் பெண்ணாகவே இருக்க வேண்டும். அண்ணன் தம்பி மகளாக இருக்கலாம், அவள் பெற்ற மகளாக இருக்க முடியாது. மகள் தகப்பன் குலமாயிற்றே! முசிகாவை வீட்டு வாசலில் நிறுத்தி லுபுகோ போர்த்துவார்கள். ஆணென்றால் கையில் ஈட்டி, பெண்ணென்றால் கத்தி. பக்கத்தில் அதே குலத்துப் பெண் ஒருத்தி லுபுகா என்ற பட்டத்தோடு துணை நிற்பாள், பெரும்பாலும் சகோதரி. குலப் பெரியவர்கள் ஒவ்வொருவராய் வந்து, வீட்டைப் பார்த்துக்கொள், வந்தவனுக்குச் சோறு போடு, பிள்ளைகளைப் பிரிக்காதே என்று புத்தி சொல்லிக் கையில் காசு வைப்பார்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து முசிகா, செத்தவருடைய வாரிசு மட்டும் இல்லை. செத்தவரே அவர்தான். கூடப்பிறந்தவன் முசிகாவானால் மற்ற பிள்ளைகளுக்கு அவன் அப்பா. செத்தவரின் தம்பிக்கு அவன் அண்ணன்.

பெரியவர் சொன்ன ஒரு சம்பவம். மசாகா ஊரில் அவர் இளவயதில் கடை வைத்திருந்தபோது, கடைத் திண்ணையில் ஒரு முகாண்டா தையல்காரர் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். கிழக்காப்பிரிக்காவில் துணிக்கடை என்றால் திண்ணையில் தையல்காரர் இருந்தே தீருவார். அந்த மனிதர் திடீரென்று போய்விட்டார். இவருக்கு முந்நூறு ஷில்லிங் பாக்கி. அடக்கத்துக்குப் போயிருந்தபோது ஒருத்தர் எழுந்து, "இறந்தவர் யாருக்காவது தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள், யாராவது இறந்தவருக்குத் தர வேண்டியிருந்தாலும் சொல்லுங்கள்" என்று அறிவித்தார். அது அங்கே வழக்கம். குழி மேட்டில் நின்றுகொண்டு பாக்கி கேட்க இவருக்கு மனசு வரவில்லை. பேசாமல் வந்துவிட்டார். பத்து மாதம் கழித்து ஒலும்பே விருந்துக்கு அழைப்பு வந்தது. போனால், தையல்காரரின் மகன், பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பையன், தோளில் லுபுகோ முடிச்சு, கையில் அவனைவிட உயரமான ஈட்டி. பல் போன கிழவிகள் வந்து மண்டியிட்டு "அப்பா" என்று கூப்பிட்டுப் போகிறார்கள். இவருக்குச் சிரிப்பு வந்ததாம். அடக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் பையன் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். கேட்ட கேள்வி இதுதான்: "என் பாக்கி எவ்வளவு?" அப்பா பாக்கி என்று சொல்லவில்லை. என் பாக்கி. "கணக்கை அடிச்சுடலாம்னுதான் பார்த்தேன். கூட வந்த கிழவர் விடலை. மாசம் பத்து ஷில்லிங்னு எழுதுங்கன்னார்" என்று பெரியவர் சொன்னார். கடைசிப் பத்து வந்ததும், பையன் தகப்பன் மிஷினை எடுத்துத் திண்ணையில் போட்டு உட்கார்ந்துவிட்டானாம்.

எங்கள் சமணக் கணக்கில் உயிர் உடம்பை விட்ட சில கணத்துக்குள் அடுத்த பிறவிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிண்டமும் திதியும் இங்கிருந்து எட்டாது. (ஊரோடு ஒத்துச் சில காரியம் எங்கள் வீடுகளிலும் நடப்பது வேறு விஷயம்.) அதனால் ஆரம்பத்தில் எனக்கு இந்தச் சடங்கு விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. இது போன உயிருக்காகச் செய்வது இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது. இடம் காலியாக இருக்கும்வரை அதில் ஒலும்பே உட்கார்ந்திருக்கும்.

சரி, எல்லாம் அழகுதானா என்றால் இல்லை. முசிகாவுக்குச் சேர வேண்டியது பொறுப்பும் ஈட்டியும். ஆனால் "நான்தான் இப்போது அப்பா" என்று சொல்லி வீடு நிலத்தையும் வாரிக்கொண்டு விதவையை வெளியே நிறுத்தியவர்கள் அங்கேயும் உண்டு. உகாண்டாவின் வாரிசுச் சட்டம், உயில் இல்லாத சொத்தில் மரபு வாரிசுக்கு 1 சதவீதம்தான் ஒதுக்குகிறது. அந்தச் சட்டத்தில் பெண்களுக்குப் பாதகமான பிரிவுகளை 2007ல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டத்தைத் திருத்தி எழுத 2022 ஆகிவிட்டது. திருத்திய பின்னும் மரபு வாரிசின் 1 சதவீதம் அப்படியே நிற்கிறது. மனைவி அல்லது கணவரின் பங்கை 20 சதவீதமாக உயர்த்தினார்கள். என் அபிப்பிராயத்தில் இதுதான் அந்தச் சடங்கின் உண்மையான கருத்துக்கும் பொருத்தம்.

எய்ட்ஸ் நோய் வந்தபோது இந்த ஏற்பாடு படாத பாடு பட்டது. 1982ல் ஏரிக்கரையில் கசென்செரோ என்ற மீன்பிடி ஊரில்தான் உகாண்டாவில் முதலில் அதைக் கண்டார்கள். அதுவும் புகாண்டா மண்தான். அடுத்த இருபது வருஷத்தில் வாரா வாரம் அடக்கம் என்றால் தோட்ட வேலையை எத்தனை நாள் நிறுத்துவது? துக்க நாளைக் குறைத்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்து ஒரே நாளில் ஒலும்பே உடைத்தார்கள். ஈட்டி பிடிக்க வந்த முசிகாக்களில் பல பேர் குழந்தைகள். ராத்திரி முழுக்கக் குடியும் ஆட்டமுமாகப் போகிற வழக்கமே நோயைப் பரப்புகிறது என்று பாதிரிமாரும் டாக்டர்களும் கண்டித்ததில் நியாயம் இருந்தது. இன்றைக்குப் பல வீடுகளில் பகலிலேயே ஜெபத்தோடு ஆரம்பித்துச் சாப்பாட்டோடு முடித்துவிடுகிறார்கள். புதிய சபைக் கிறிஸ்தவர்கள் சிலர் சடங்கே வேண்டாம் என்றும் இருக்கிறார்கள்.

அரசர் சாவதில்லை

கபாகா இறந்துவிட்டார் என்று சொல்லக் கூடாது. கையை மறைத்துக்கொண்டார் என்பார்கள். மெங்கோ அரண்மனை வாசலில் அவர் இருக்கும்வரை எரியும் தீ, அன்றைக்கு அணையும். பழைய நாளில் அரசரின் கீழ்த்தாடை எலும்பைத் தனியே எடுத்து அலங்கரித்து, அதற்கென்று ஒரு கோயில் கட்டி வைத்தார்கள். உடம்பு வேறிடத்தில். 1884ல் மறைந்த முதலாம் முதேசாதான் முழு உடலோடு அடக்கமான முதல் கபாகா. 1882ல் அவர் கட்டிய கசுபி அரண்மனையே அவர் சமாதியாயிற்று. பிறகு மூன்று கபாகாக்கள் அதே கூரையின் கீழ். பிரம்மாண்டமான புல் கூரை. உள்ளே 52 குலத்துக்கு 52 வளையம். மரப்பட்டைத் திரைக்கு அப்பால் இருக்கும் பகுதிக்குக் காடு என்று பெயர். அரசர் காட்டுக்குள் போயிருக்கிறார், அவ்வளவே. அங்கே காவல் இருக்கும் பெண்கள் அரசரின் மனைவியர். முதேசாவின் மனைவியர் என்றோ போய்விட்டார்கள்; ஆனால் ஒருத்தி போனால் அவள் குலத்திலிருந்து இன்னொருத்தி வந்து அதே பெயரோடு அதே இடத்தில் உட்காருகிறாள். 2001ல் உலக பாரம்பரியச் சின்னமான அந்த மாளிகை 2010 மார்ச் 16 இரவு எரிந்து போயிற்று. திரும்பக் கட்டி எழுப்பி, 2023ல்தான் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

அங்கே இருக்கும் நால்வரில் இரண்டு பேர் அந்நிய மண்ணில் கண்ணை மூடியவர்கள். முவாங்காவை ஆங்கிலேயர் நாடு கடத்தி, அவர் 1903ல் சேஷெல்ஸ் தீவில் மறைந்தார். ஏழு வருஷம் கழித்து 1910ல் அவர் எலும்பு வந்து சேர்ந்தது. இரண்டாம் முதேசாவை 1966ல் ஒபோட்டேயின் ராணுவம் துரத்தியது; 1967ல் ராஜ்யமே சட்டப்படி ஒழிந்தது; 1969 நவம்பரில் லண்டனில் உயிர் விட்டார். இடி அமீன் ஆட்சிக்கு வந்ததும் 1971ல் உடலை வரவழைத்தான். ஏப்ரல் மாதம் கசுபியில் அடக்கம். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் முதேபி, பதினாறு வயசு நிரம்பாத பையன், வந்து தகப்பன் மேல் லுபுகோ போர்த்தினார். அடுத்த அரசர் யாரோ அவர்தான் அதைப் போர்த்த வேண்டும் என்பது முறை. அரசு இல்லை, அரியணை இல்லை, எதற்கு வாரிசு? அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. குலத் தலைவர்களுக்கெல்லாம் தலைவர் என்ற ஸபதாகா பட்டம் கட்டி அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருஷம் இடம் காலியாக இல்லாமல் இருந்தது. 1993 ஜூலை 31ல் ராஜ்யம் மீண்டபோது முடி சூட்டிக்கொண்டவர் அதே முதேபி.

அதே அமீன்தான் 1971ல் ஒரு முசிகாவுக்கு வழி விட்டு, மறு வருஷம் ஆயிரக்கணக்கான கடைகளை முசிகா இல்லாமல் ஆக்கினான். பெரியவர் கம்பாலாவில் கடைசியாக வைத்திருந்த கடையும் அதில் ஒன்று. 1990களில் விண்ணப்பித்தவர்களுக்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இவர் போகவில்லை. போய் என்ன செய்ய, வயசாகிவிட்டது என்றார்.

இதையெல்லாம் நான் படித்து முடித்து, பெட்டித் துணி இன்னதென்று மகனைக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு மாதம் ஆனது. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று பெரியவர் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னதில்லை. சாவுக்குப் போர்த்தும் துணி என்றதும் பையன் முதலில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்படீன்னா, காகா, அப்பாவுக்கு இதைப் போர்த்தி அனுப்பியிருக்கணுமா?"

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவன் அதை நாலாக மடித்து, தகப்பன் மடித்து வைத்திருந்த மடிப்பு மாறாமல், பையில் வைத்துக்கொண்டு போனான்.